ஏலக்காரர் சிகரெட்டை விட்ட நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பன்னிரண்டு பேர். ஏழு பேர் பொய் சொன்னார்கள். மூன்று பேர் அழுதார்கள். ஒருவர் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டார். மீதி ஒருவரைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று. அறை வாசலில் புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். ‘புகை நிறுத்த ஆலோசனை.’ காலையில் ஒரு அம்மா தலையை நீட்டி, “கொசுப் புகை அடிக்கிறவங்க ரூம் இதுதானா?” என்று கேட்டாள். புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாக இதே வேலை. கடைசியில் கொசு மருந்துக்காரி ஆகிவிட்டேன்.

அந்தப் பன்னிரண்டாவது ஆள் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர். ஐம்பத்தெட்டு வயது. நாக்கின் இடது ஓரத்தில் கட்டி. பெரிய டாக்டர் அனுப்பியிருக்கிறார். ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஆபரேஷன். பாதி நாக்கை எடுத்துவிட்டு, முன்கையிலிருந்து சதை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைப்பார்கள். உடம்பில் சிகரெட் இருந்தால் அந்த ஒட்டுக்கு ரத்தம் போகாது, அழுகிவிடும். “புகைக்கிற ஆளுக்கு நான் கத்தி எடுக்க மாட்டேன்” என்பது டாக்டரின் சட்டம். மீதிப் பாதி நாக்கு பிழைத்தால் பேச்சு வரும். பழைய பேச்சு இல்லை. ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும்.

“ஒரு நாளைக்கு எத்தனை?” என்றேன்.

“ஒரு பத்து இருக்கும்.”

“ஐயா, இது உங்க மார்க்கெட் இல்ல. கம்மியா ஆரம்பிச்சு மேல போற வேலையெல்லாம் இங்க வேணாம்.”

அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார். “இருபத்தெட்டு. எடுத்த எடுப்புல கடைசி விலைக்கு வந்துட்டீங்களே, டீச்சரம்மா.”

ஊதும் மெஷினில் ஊதச் சொன்னேன். நுரையீரலில் எவ்வளவு சிகரெட் புகை தங்கியிருக்கிறது என்று அது எண்ணாகக் காட்டும். ஆறுக்குக் கீழே வந்தால் சுத்தம். அவருக்கு முப்பத்தொன்று. எண்ணைப் பார்த்துவிட்டு, “நாக்கை வெச்சுத்தான் இத்தனை வருஷம் சாப்பிட்டேன். இப்ப அதுவே பங்கு கேக்குது” என்றார். கண்ணில் தண்ணீர். அதையும் சிரிப்பு மாதிரியே துடைத்துக்கொண்டார்.

எனக்கு இந்த மாதிரி ஆட்களைப் பிடிக்கும். பிடிக்கக் கூடாது.

மார்ச் 6, வியாழன்

என் வழக்கம் ஒன்று உண்டு. வருகிறவர்கள் சிகரெட்டை விடப்போகும் தேதியை, தாங்கள் அதிகம் பொய் சொன்ன ஆளை எதிரில் உட்கார வைத்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஏலக்காரர் தன் மனைவியை அழைத்து வந்தார். ஒல்லியான அம்மா. பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

“பத்தாம் தேதி, திங்கக்கிழமை காலையிலேர்ந்து தொட மாட்டேன்” என்றார் அவர்.

“முப்பத்தோரு வருஷமா கேக்குறேன். தேதிதான் மாறுது” என்றாள் அந்த அம்மா. பிறகு நேராக அவரைப் பார்த்து, “இந்தத் தடவையும் பொய் சொன்னீங்கன்னா உங்ககூட ஒரு வார்த்தை பேச மாட்டேன். சாகுற வரைக்கும் பேச மாட்டேன்.”

எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. நான் அந்தக் கட்சி. என் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் ‘விட்டுட்டேன்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார், வாய் நிறையப் புதினா மிட்டாயோடு. மாரடைப்பில் போனபின் ஆஸ்பத்திரியில் அவர் சட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். பையில் பாக்கெட். அதில் மூன்று பாக்கி. அன்றிலிருந்து பொய் என்றால் எனக்கு மூக்கிலேயே தெரியும்.

மார்ச் 13, வியாழன்

ஏலக்காரருக்கு நாலாம் நாள். முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றார். கை நடுக்கம். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. சந்தையில் ஒரு வியாபாரியின் சட்டையைப் பிடித்துவிட்டாராம். “கீழ டீக்கடை வரைக்கும் போயிட்டேன் டீச்சரம்மா. வாங்கல. ஆனா நாளைக்கு வாங்கிடுவேன்.”

தோளில் ஒட்டும் நிக்கோடின் பிளாஸ்திரி கொடுத்தால் இந்த வெறி அடங்கும். புகை இல்லாமல் உடம்புக்குக் கொஞ்சம் நிக்கோடின் மட்டும் போகும், பிறகு அதையும் குறைத்து நிறுத்தலாம். மருந்தகத்தில் கேட்டேன். தீர்ந்துவிட்டது, அடுத்த மாதம் வரும் என்றார்கள். அடுத்த மாதம்! இவருக்கு நாளையே இல்லை.

என் மேஜை இழுப்பறையில் இரண்டு பெட்டி இருந்தது. போன மாதம் இறந்துபோன ஒருவருடையது. “வேற யாருக்காவது உதவட்டும்” என்று அவர் மகன் கொடுத்துவிட்டுப் போனான். அப்படி ஒருவர் மருந்தை இன்னொருவருக்குக் கொடுப்பது விதிப்படி தப்பு. தெரியும். கொடுத்தேன். கோப்பில் எழுதவில்லை. எழுதினால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

“தினம் ஒண்ணு. அட்மிட் ஆகுற அன்னைக்குக் காலையில கழட்டிடுங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க, என் வேலைக்கே வேட்டு வெச்சிடுவாங்க.”

“ஏலக்காரன் வாய் விலை சொல்றதுக்கு மட்டும்தான் திறக்கும்” என்றார். முதல் பிளாஸ்திரியை நானே ஒட்டிவிட்டேன். வலது தோள். பலகை மாதிரி இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

ஏலக்காரருக்குப் போன் செய்தேன். ஏழு மணி நேரம் தூங்கினாராம்.

மார்ச் 21, வெள்ளி

மூன்று! முப்பத்தொன்றிலிருந்து மூன்று. மெஷினைத் தட்டிப் பார்த்தார், ரிப்பேரோ என்று. மறுபடி ஊதினார். மூன்றுதான். ஒரு துண்டுச் சீட்டில் எண்ணை எழுதி என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார், வீட்டில் காட்ட.

மாலையில் அந்த அம்மாவின் போன். “மூணுன்னா நல்லதா, கெட்டதாம்மா?”

“ரொம்ப நல்லது.”

“சரி” என்று வைத்துவிட்டாள். நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஊதும் மெஷின் படுத்துவிட்டது. கம்பெனிக்கு அனுப்பியாகிவிட்டது, மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை என் மூக்குதான் மெஷின்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நாளைய ஆபரேஷனுக்காக ஏலக்காரர் காலையில் அட்மிட் ஆனார். பதினோரு மணிக்கு வார்டு சிஸ்டர் போன். “மேடம், உங்க ஏலக்காரருக்குப் புகை டெஸ்ட் பாசிட்டிவ். டாக்டர் கத்திட்டு இருக்கார்.” ஓடினேன். டாக்டர் நோயாளிக் கோப்பை மூடி என் பக்கம் தள்ளினார். ஆபரேஷன் ரத்து. அடுத்த தேதி ஏப்ரல் முப்பது. “அதுக்குள்ள விட்டா வரட்டும். இல்லேன்னா வேற ஆஸ்பத்திரி பார்க்கட்டும்.”

ஏலக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், ஆஸ்பத்திரி பச்சை உடுப்பில். “நான் தொடல டீச்சரம்மா.”

குனிந்தேன். தலைமுடியில் சிகரெட் நாற்றம். “சந்தையில சுத்தி நின்னு எல்லாரும் ஊதுறான், நான் என்ன பண்ண?” என்றார். என் வீட்டுக்காரரும் இதையேதான் சொல்வார். ஆபீஸில் எல்லாரும் ஊதுகிறான், நான் என்ன பண்ண. வார்த்தை மாறாமல்!

கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. “உங்க நாக்கு போகப்போகுது, அதை வெச்சுக்கிட்டே பொய் சொல்றீங்களே, வெக்கமா இல்ல?”

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் அந்த அம்மா, பையோடு. மாற்றுத் துணி, சோப்பு, ஒரு டம்ளர், எல்லாம் எடுத்து வந்திருந்தாள். “நெஜமாவே பிடிச்சாராம்மா?” என்று கேட்டாள். என் முகத்தையே பார்த்தாள். ‘தெரியவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். ‘விசாரிக்கிறேன்’ என்று சொல்லியிருக்கலாம்.

“பொய் சொல்றாரும்மா” என்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ஏலக்காரருக்குப் போன் செய்தேன். திட்டினாலும் ஆளை விடக் கூடாது, அது வேலை.

“வீட்ல பேச்சு நின்னுடுச்சு” என்றார். நாக்கு வலியில் ‘ச’ எல்லாம் குழறுகிறது. “தட்டை வைக்கிற சத்தத்துல தெரிஞ்சுக்கணும், சாப்பாடு ரெடின்னு.”

“மறுபடி ஆரம்பிங்க. பிளாஸ்திரி மிச்சம் இருக்குல்ல? தினமும் ஒட்டுங்க, ஒரு நாள்கூட விடாதீங்க.”

“நான் தொட்டிருந்தாத்தானே மறுபடி ஆரம்பிக்க?” என்றார். பிறகு, “சரி, ஒட்டுறேன்.”

ஏப்ரல் 13, ஞாயிறு

சாப்பிடும்போது மகளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கல்லூரியில் சட்டம் படிக்கிறாள், எதற்கெடுத்தாலும் சாட்சி கேட்பாள். “அவர் பிடிச்சதை யார் பார்த்தாங்க?” என்றாள்.

“டெஸ்ட் சொல்லுது.”

“நீ டெஸ்டைப் பார்த்தியா?”

“பதினாறு வருஷமா பார்க்குறேன்டி. எனக்குத் தெரியாதா?”

“உனக்கு அப்பா மேல இருக்குற கோவம் இன்னும் தீரலம்மா. ஊர்ல சிகரெட் பிடிக்கிற ஒவ்வொருத்தரும் அப்பா கிடையாது.”

தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். அவளும் அவள் சாட்சியும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஏலக்காரர் வந்தார். ஆறு நிமிஷம் உட்கார்ந்திருந்தார். இளைத்துவிட்டார். சூடாக எதுவும் குடிக்க முடியவில்லையாம். ஏலத்துக்கு மைத்துனர் போகிறாராம். “நேத்து ஒரு சாமானுக்கு விலை சொல்லிப் பார்த்தேன், கூட்டத்துல எவனுக்கும் புரியல” என்றார், அதையும் சிரித்துக்கொண்டுதான்.

எழுந்து போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, “நீங்களாவது நம்புறீங்களா?” என்றார்.

“முப்பதாம் தேதி டெஸ்ட்ல பார்க்கலாம்” என்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

எப்படி எழுதுவேன். எழுதித்தான் ஆகவேண்டும்.

மத்தியானம் வார்டு சிஸ்டர் என் அறைக்கு வந்தாள், கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. “மேடம், பத்தாம் நம்பர் பெரியவர் உங்க பிளாஸ்திரி போட்டிருக்கார்னு கோப்புல எழுதியிருக்கீங்க. அப்படின்னா அவருக்கு இந்த டெஸ்ட் போடக் கூடாதாமே? பெட்டியில போட்டிருக்கு. நல்லவேளை நீங்க எழுதி வெச்சீங்க.”

“எந்த டெஸ்ட்?”

“இதுதான். சிறுநீர்ல முக்குற பட்டை. உடம்புல நிக்கோடின் இருந்தா கோடு விழும். மார்ச் கடைசியிலேர்ந்து வார்டுல இதுதானே.”

“ஊதுற மெஷின்?”

“அது உங்ககிட்டதானே மேடம் இருக்கு? எங்களுக்கு எங்க வாங்கிக் கொடுத்தாங்க?”

வார்டுக்கும் ஒன்று வாங்கப்போவதாகப் பேச்சு இருந்தது. வாங்கிவிட்டார்கள், அதில்தான் ஊத வைத்திருக்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பிளாஸ்திரி போட்டாலும் ஊதும் மெஷினில் எண் ஏறாது. ஏறினால் புகைதான். இந்தப் பட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சிகரெட்டா பிளாஸ்திரியா என்று கேட்காது. அட்மிட் ஆகும் காலையில் கழற்றினாலும் இரண்டு மூன்று நாளுக்கு உடம்பில் இருக்கும்.

என்ன டெஸ்ட் என்று ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்வி. கேட்கலையே! எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

அவர் தொடல. தொடவே இல்ல. நான் கொடுத்ததைத் தோள்ல ஒட்டிக்கிட்டு, நான் சொன்னபடி வாயை மூடிக்கிட்டு, என்கிட்டயே திட்டு வாங்கினார். அதோட விட்டேனா? தினமும் ஒட்டுங்கன்னு வேற சொன்னேன். முப்பதாம் தேதியும் பாசிட்டிவ்தான் வந்திருக்கும். அன்னைக்கும் கத்தியிருப்பேன்.

டாக்டரிடம் போனேன். இழுப்பறை, இறந்தவரின் பெட்டி, எழுதாதது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “கோப்புல ஒரு வரி” என்றார். “ஒரே வரி எழுதியிருந்தா ஒன்பதாம் தேதி முடிஞ்சிருக்கும்.” உடனே ஏலக்காரரை வரவழைத்து ஸ்கேன் எடுத்தார்கள். திங்கட்கிழமைக்கு ஆபரேஷன்.

ஸ்கேன் முடிவு சாயங்காலம் வந்தது. கட்டி நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. இப்போது பாதி இல்லை. முழு நாக்கும்.

“இந்த ரெண்டு வாரத்தாலதானா?” என்று டாக்டரைக் கேட்டேன்.

“ஆமான்னு சொல்ல மாட்டேன். இல்லைன்னும் சொல்ல மாட்டேன்” என்றார்.

ஏப்ரல் 25, வெள்ளி

லீவு போட்டேன். நாள் முழுக்கப் படுத்திருந்தேன். மகள் டீ வைத்துவிட்டுப் போனாள். ‘நீ சொன்னது சரி’ என்று அவளிடம் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. வாய் இருந்தும் ‘வாய் வரவில்லை’ என்று எழுதவே கூசுகிறது.

ஏப்ரல் 26, சனி

அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. அவர் ஜன்னலோரம் நாற்காலியில். அந்த அம்மா உள் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ரேடியோ காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. முழு நாக்கு என்பதை டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார். ஏன் இத்தனை நாள் வீணாகப் போனது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதை நானே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கி வந்திருந்தேன்.

ரேடியோவை நிறுத்தச் சொன்னேன். நின்றபடியே சொன்னேன். “இவர் சிகரெட் பிடிக்கலம்மா. மார்ச் பத்துலேர்ந்து ஒண்ணுகூட இல்ல. டெஸ்ட்ல வந்தது நான் கொடுத்த பிளாஸ்திரி. நான் அதை எழுதி வெக்கல. தப்பு என்னோடது. உங்ககிட்ட பொய் சொன்னது இவர் இல்ல, நான்.”

அந்த அம்மா கையில் அவருடைய சட்டை, பாதி மடித்தபடி.

ஏலக்காரர் மெதுவாகப் பேசினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் எச்சிலை விழுங்கிக்கொண்டு. “எனக்கு அன்னைக்கே ஒரு சந்தேகம். டாக்டர் கேட்டாரு, வேற ஏதாவது மருந்து எடுத்தியான்னு. பிளாஸ்திரியைச் சொல்லலாமான்னு நினைச்சேன். சொன்னா உங்க பேர் வந்துடுமேன்னு இல்லேன்னுட்டேன்.”

“ஐயோ, சொல்லியிருக்கலாமே! என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!”

“நீங்கதான் கத்திட்டு இருந்தீங்களே.”

குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “பதினெட்டு நாள்” என்றாள். “பதினெட்டு நாளா இந்த மனுஷன் எங்கூட என்னென்னமோ பேசிப் பார்த்தாரு. வலியோட பேசினாரு. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் ரேடியோவைச் சத்தமா வெச்சேன். கேக்கக் கூடாதுன்னே சத்தமா வெச்சேன்.” என்னைப் பார்த்தாள். “நீங்க சொன்னதாலதானே? படிச்சவங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்னு.”

காலில் விழலாம்போல இருந்தது. விழுந்தால் அதற்கும் அவர்தான் என்னைச் சமாதானம் செய்ய வேண்டும்.

“நீங்க போங்கம்மா” என்றாள். “ரெண்டு நாள்தான் இருக்கு. அதுல உங்களுக்குக் கொடுக்க நேரமில்ல.”

படியிறங்கும்போது கீழே சைக்கிள் கடைக்காரர், “என்னம்மா, உடம்பு சரியில்லையா?” என்றார். தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

எட்டு மணிக்கு உள்ளே எடுத்துப் போனார்கள். மாலை ஆறரைக்கு வெளியே. ஒட்டு நன்றாக இருக்கிறது, ரத்தம் ஓடுகிறது என்றார் டாக்டர். புகைக்காத உடம்பு, அதனால்தான் என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

நாக்கு இல்லை.

மே 2, வெள்ளி

நிர்வாகத்துக்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மூன்று பக்கம். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். ‘இனி இவ்வாறு நேராமல் பார்த்துக்கொள்ளவும்.’ வேலையை விட்டே தூக்கியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். மகளிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். சாட்சி எதுவும் கேட்கவில்லை. “நீ அன்னைக்கே சொன்ன” என்றேன். “சும்மா இரும்மா” என்றாள்.

மே 9, வெள்ளி

அந்த அம்மாவை மருந்தக வரிசையில் பார்த்தேன். ஒதுங்கிப் போகலாம் என்று திரும்பினேன். அவளே கூப்பிட்டாள். பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“ஞாயித்துக்கிழமை முழுசா இருந்துச்சு எங்களுக்கு” என்றாள். “எதிர்ல உட்கார்ந்துக்கிட்டு, பேசுங்க, பேசுங்கன்னேன். அவருக்கு என்ன பேசுறதுன்னே தெரியல. எனக்கும் என்ன கேக்குறதுன்னு தெரியல. கடைசியில, தக்காளி வரத்து குறைஞ்சுடுச்சாம், வெங்காயம் ஈரமா வருதாம். அதைத்தான் சொல்லிட்டிருந்தாரு. நான் ம்… ம்…னு கேட்டுட்டே இருந்தேன். முப்பத்தோரு வருஷத்துல அன்னைக்குத்தான் நான் வெங்காயக் கதையைப் பாதியில நிறுத்தாம கேட்டேன்.”

அவள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள்.

மே 20, செவ்வாய்

ஊதும் மெஷின் ரிப்பேராகி வந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு மாதமாக ஏலக்காரரின் வார்டு வாசல் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். இன்று உள்ளே போனேன். மூக்கில் குழாய், அதன் வழியாகத்தான் ஆகாரம். முகம் சின்னதாகிவிட்டது. வாயை ஒரு துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த சிலேட்டை எடுத்தார்.

‘வேலை போச்சா?’

“இல்லைங்க. எச்சரிக்கை மட்டும்தான்.”

‘நல்லது’ என்று எழுதினார். அழுத்தி எழுதியதில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கோபம்தான். கோபம் வர வேண்டும், வரட்டும். இருபது நிமிஷம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பவே இல்லை.

ஜூன் 27, வெள்ளி

ஏலக்காரர் வீட்டுக்குப் போனார். சந்தையிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்களாம் அழைத்துப்போக. நான் லீவு எதுவும் போடவில்லை. அறையிலேயே இருந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று ஒன்பது பேர். ஒரு இளைஞன், தொண்டையில் புற்று. ‘நேத்தே விட்டுட்டேன்’ என்றான். சட்டையெல்லாம் நாற்றம். வழக்கமாக ஒரு அதட்டல் வரும் எனக்கு. வரவில்லை. மெஷினை எடுக்கவே பத்து நிமிஷம் ஆனது. இப்படி இருந்தால் எப்படி வேலை பார்ப்பேன்? அதட்டாவிட்டால் இவர்கள் செத்துப்போவார்கள். அதட்டினால்?

ஜூலை 15, செவ்வாய்

ஏலக்காரர் டாக்டரிடம் காட்ட வந்தார். அவரை என்னிடமும் அனுப்புவது விதி. வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார், மனைவியோடு.

உள்ளே நுழையும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தையில் ஒட்டிக்கொண்டு வரும் வாசனை இல்லை இது. அவர் இப்போது சந்தைக்கே போவதில்லை. விரலில் மஞ்சள் கறை, புதிது. மூச்சிலேயே புகை இருந்தது.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள். வராந்தாவில் அன்று பார்த்த அதே பார்வை. “இவர் தொடுறதே இல்லம்மா” என்றாள், நான் எதுவும் கேட்காமலேயே. “நான் கேட்டேன். இல்லேன்னு தலையாட்டினாரு. நான் நம்புறேன்.” சொல்லிவிட்டு, “வெளியில இருக்கேன், நீங்க பேசுங்க” என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

நானும் அவரும். மேஜைமேல் மெஷின். அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னை. நான் அதைத் தூக்கி இழுப்பறைக்குள் வைத்தேன்.

“எத்தனை?” என்றேன், மெதுவாக.

அவர் கையைத் தூக்கினார். மூன்று விரல்.

தலைக்குமேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று நினைத்திருப்பார். நானாக இருந்தால் முப்பது பிடித்திருப்பேன். ஆனால் கட்டி திரும்பி வரலாம், கழுத்தில் வரலாம். அதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். “விட முடியுமா ஐயா, இன்னொரு தடவை?”

சிலேட்டை எடுத்தார். ‘அப்ப விட்டேன்’ என்று எழுதினார். அதற்குமேல் எதுவும் எழுதவில்லை. என் முன்னால் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணிலிருந்து வழிந்தது, வாயிலிருந்தும் வழிந்தது. துணியை எடுத்து நான் துடைத்தேன். தடுக்கவில்லை. முகத்தைக் கொடுத்தார், சின்னப் பிள்ளை மாதிரி. நானும் அழுதுவிட்டேன். இத்தனை வருஷத்தில் அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் யாரும் அழுததில்லை.

அப்புறம் “அடுத்த செவ்வாய் வாங்க” என்றேன். சிலேட்டைத் துடைத்தார். எழுந்தார். போகட்டும், வருவார். வராவிட்டால் நான் போவேன்.

கதவைத் திறந்தேன். அந்த அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். அவர் முன்னால் லிஃப்ட் பக்கம் நடந்தார். அவர் கொஞ்சம் தள்ளிப் போகும் வரை காத்திருந்தாள்.

“ஊதச் சொன்னீங்களா?” என்றாள்.

“இல்லம்மா.”

“துணி துவைக்கிறவ நான்தான். எனக்குத் தெரியாம இருக்குமா?” கைப்பையை இன்னும் இறுக்கினாள். “அன்னைக்குக் கேட்ட மாதிரியே இப்பவும் கேக்குறேன். அவர் காதுல விழுற மாதிரி சொல்லுங்க. இவர் விட்டுட்டாரா, இல்லையா?”

லிஃப்ட் முன்னால் ஏலக்காரர் நின்றுவிட்டார். திரும்பவில்லை. முதுகு மட்டும் காத்துக்கொண்டிருந்தது.

“விட்டுட்டாரும்மா” என்றேன் சத்தமாக.